அரிக்கும் பொருள்

அரிக்கும் பொருள் என்பது தான் தொடும் உலோகத்தையோ, தோலையோ, உடலின் உள்ளுறுப்பையோ வேதிவினையால் சிதைக்கும் பொருளாகும். கந்தக அமிலம், நைட்ரிக் அமிலம், எரிசோடா எனப்படும் காஸ்டிக் சோடா ஆகியவை இதற்குப் பரவலாகத் தெரிந்த எடுத்துக்காட்டுகள். தமிழில் இவ்வகைப் பொருள்களுக்குக் காரம், திராவகம், அமிலம் எனப் பல பெயர்கள் வழங்கிவந்துள்ளன. இவற்றின் செயலைக் குறிக்கும் வினை அரித்தல். அரித்தல் என்னும் சொல் பொருள்களின் சிதைவுக்கு மட்டுமன்றி, கவலை, கடன், குடிப்பழக்கம், ஊழல் போன்றவை மனிதரையும் குடும்பத்தையும் சமூகத்தையும் மெல்ல மெல்லத் தின்பதையும் குறிக்கும்.

சொல்லின் நேர்ப்பொருளும் உருவகப் பொருளும் ஒரே இடத்தில் சந்தித்த துயர நிகழ்வு, 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் பகுதியில் நேர்ந்த கள்ளச்சாராய மரணங்கள். அங்கே உயிர்களைப் பறித்த மெத்தனால், கையில் பட்டால் புண்ணாக்கும் அரிக்கும் பொருள் அன்று. உடலுக்குள் சென்ற பிறகே அது அரிக்கும் அமிலமாக மாறுகிறது. இந்த வேறுபாடு தெரியாமையே பல உயிர்களுக்கு உலையாகிறது.

சொல்லின் பொருள்கள்

தமிழில் அரி என்னும் வினையடிக்கு இரண்டு வேறுபட்ட போக்குகள் உள்ளன. "அரிந்தான்" என்று இறந்தகாலம் கொள்ளும்போது அது வெட்டுதலைக் குறிக்கும். காய் அரிதல், கதிர் அரிதல், அரிவாள், அரிவாள்மணை ஆகியவை இதன் வழி வந்தவை. "அரித்தது" என்று இறந்தகாலம் கொள்ளும்போது பொருள் மாறுகிறது. கத்தி ஒரே வீச்சில் செய்வதை, அரித்தல் சிறுகச் சிறுகச் செய்கிறது.

அரித்தல் என்னும் சொல் அன்றாட வழக்கில் பின்வரும் பொருள்களில் வழங்குகிறது.

கரையான் தின்னுதல்: கதவு நிலை, புத்தகம், ஓலைச்சுவடி ஆகியவற்றைக் கரையான் அரிக்கும். செல் என்பது கரையானைக் குறிக்கும் பழைய சொல். செல்லரித்தல் என்னும் தொடர் இதிலிருந்து வந்தது.

நீர் கரைத்துச் செல்லுதல்: மழையும் ஆறும் கடலும் மண்ணை அரிக்கும். மண்ணரிப்பு, கடலரிப்பு ஆகிய சொற்கள் அரசு அறிக்கைகளிலும் பாடநூல்களிலும் நிலைபெற்றுள்ளன.

கல் நீக்குதல்: அரிசியை நீரில் அலசிக் கல்லையும் மண்ணையும் பிரிப்பதும் அரித்தல்தான். இதற்குப் பயன்படும் பாத்திரம் அரிக்கன்சட்டி.

தோலில் தினவு எடுத்தல்: சொறியத் தூண்டும் உணர்வு அரிப்பு எனப்படும்.

வேதிவினையால் சிதைதல்: உப்புக்காற்று இரும்பை அரிக்கும், அமிலம் செம்பை அரிக்கும். உலோகச் சிதைவைக் குறிக்க அரிமானம் என்னும் கலைச்சொல் வழங்குகிறது.

தொல்லைப்படுத்துதல்: கடன்காரன் "அரித்துப் பிடுங்குகிறான்" என்பது பேச்சு வழக்கு. கவலை மனத்தை அரிக்கிறது என்பதும் இவ்வகையே.

இப்பொருள்கள் பெரும்பாலானவற்றில் மூன்று கூறுகள் பொதுவாக உள்ளன. செயல் சிறுகச் சிறுக நடக்கிறது. அது நடப்பது உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியவரும்போது இழப்பு பெரும்பாலும் முடிந்துவிட்டிருக்கிறது. கரையான் அரித்த கதவு நிலை வெளியே வண்ணப்பூச்சோடு நன்றாகவே நிற்கும். கைவைத்து அழுத்தும்போதுதான் உள்ளே வெறும் மண் என்பது தெரியும்.

காரமும் திராவகமும்

அரிக்கும் பொருள்களுக்குத் தமிழ் மருத்துவத்திலும் கைத்தொழில்களிலும் வழங்கிவந்த பெயர்களுள் காரம் முதன்மையானது. பொற்கொல்லர்கள் பற்றவைக்கப் பயன்படுத்தும் வெங்காரம், சவரம் செய்த முகத்தில் தேய்க்கும் படிகாரம், இலங்கைத் தமிழில் சோப்பைக் குறிக்கும் சவர்க்காரம் ஆகிய சொற்களில் காரம் இன்றும் உயிரோடு இருக்கிறது. சித்த மருத்துவத்தில் காரசாரம் என்பது உப்பு வகைகளின் தொகுப்புப் பெயர். பவுத்திரம் முதலிய நோய்களுக்குக் காரம் ஏற்றிய நூலைக் கட்டிச் சதையைச் சிறுகச் சிறுக அறுக்கும் காரநூல் சிகிச்சை இன்றும் நடைமுறையில் உள்ளது. அரிக்கும் தன்மையை அளவறிந்து நோய் தீர்க்கப் பயன்படுத்தியதற்கு இது சான்று.

இன்றைய வேதியியல் பாடநூல்களில் காரம் என்பது அமிலத்துக்கு எதிரான பொருளைக் குறிக்கும். சமையலறையில் அதே சொல் மிளகாய், மிளகு ஆகியவற்றின் உறைப்பைக் குறிக்கிறது. மதுவின் வீரியத்தையும் சிலர் காரம் என்றே சொல்வர். "காரசாரமான விவாதம்", "காரமாகப் பேசினார்" என்பவை செய்தித்தாள்களில் நாள்தோறும் காணப்படுபவை. இவை எல்லாவற்றிலும் நாவிலோ மனத்திலோ உடனே சுடும் தன்மையே காரம் எனப்படுகிறது.

திராவகம் என்னும் வடசொல், உருக்குவது அல்லது கரைப்பது என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது. கந்தகத் திராவகம், வெடியுப்புத் திராவகம் என்னும் பெயர்கள் முறையே கந்தக அமிலத்தையும் நைட்ரிக் அமிலத்தையும் குறித்தன. பொன்னையும் கரைக்கும் அமிலக் கலவைக்கு இராசதிராவகம் என்று பெயர். அமிலம் என்பது புளிப்பை உணர்த்தும் சொல்லின் வழி வந்தது. பாடநூல்களில் அமிலம் நிலைபெற்றுவிட்ட போதிலும், செய்திகளில் திராவகம் என்னும் சொல் மறையவில்லை. "திராவக வீச்சு" என்னும் கொடுங்குற்றத்தின் பெயரில் அது நிற்கிறது. 2013ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 326ஏ, 326பி ஆகிய பிரிவுகள் சேர்க்கப்பட்டு, இக்குற்றத்துக்குத் தனித் தண்டனை வகுக்கப்பட்டது. அமில வீச்சுக்கு ஆளானவர்களை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் பட்டியலில் சேர்த்துள்ளது.

அறிவியல் விளக்கம்

உலோக அரிமானம் பெரும்பாலும் மின்வேதி வினையாகும். இரும்பு ஈரத்துடனும் காற்றிலுள்ள ஆக்சிசனுடனும் வினைபுரிந்து துருவாகிறது. உப்பு இருந்தால் வினை விரைவுபெறும். 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலம், கடற்காற்றின் அரிமானத்தோடு நூறாண்டுக்கு மேல் போராடியது. 2022 டிசம்பரில் அதில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. உலோக அரிமானத்தை ஆராயும் நாட்டின் முக்கிய நிறுவனங்களுள் ஒன்றான மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் உள்ளது. அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் வழங்க, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953இல் திறக்கப்பட்ட நிறுவனம் அது.

உடலில் அரிக்கும் பொருள்கள் இரு வகையாகச் செயல்படுகின்றன. அடர் அமிலம் திசுக்களிலுள்ள புரதத்தை உறையச் செய்யும். அப்போது உருவாகும் பொருக்கு, அமிலம் மேலும் உள்ளே இறங்குவதை ஓரளவு தடுக்கும். வலிய காரங்களோ கொழுப்பைச் சோப்பாக்கி, புரதத்தைக் கரைத்து, ஆழமாக இறங்கிக்கொண்டே செல்லும். எனவே காஸ்டிக் சோடாவின் காயம் முதலில் சிறிதாகத் தோன்றினாலும் பிறகு பெரிதாகலாம். தோலிலோ கண்ணிலோ இத்தகைய பொருள் பட்டால் உடனடியாக ஓடும் நீரில் குறைந்தது 20 நிமிடமாவது கழுவ வேண்டும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது. ஏற்கெனவே வெந்த உணவுக்குழாயை அது மறுபடியும் சுடும்.

ஆபத்தான சரக்குகளைக் கொண்டுசெல்வதற்கான பன்னாட்டு வகைப்பாட்டில் அரிக்கும் பொருள்கள் 8ஆம் வகுப்பைச் சேர்ந்தவை. கையின் மீதும் உலோகத்தின் மீதும் திரவம் சொட்டி அவற்றைத் தின்பதுபோல் வரையப்பட்ட படமே அதன் எச்சரிக்கைக் குறி. சாலையில் செல்லும் டேங்கர் லாரிகளின் பின்புறம் இதைக் காணலாம்.

மெத்தனால் இந்த 8ஆம் வகுப்பில் இல்லை. அது எளிதில் தீப்பற்றும் திரவங்களுக்குரிய 3ஆம் வகுப்பில், நச்சுத்தன்மை என்னும் துணைக்குறிப்போடு வைக்கப்பட்டுள்ளது. ஆனால் மெத்தனால் உடலில் மாறி உண்டாகும் பார்மிக் அமிலம், அடர்நிலையில் 8ஆம் வகுப்பைச் சேர்ந்தது.

உருவகப் பொருள்

அரித்தலின் உருவகப் பயன்பாடு தமிழில் மிக விரிவானது. குற்றவுணர்ச்சி, பொறாமை, சொல்லாத உண்மை, தீராத கடன், சந்தேகம் ஆகியவை மனத்தை அரிப்பதாகச் சொல்வது இயல்பு. அரசியல் மேடைகளில் ஊழல் கரையானுக்கு ஒப்பிடப்படுகிறது. உள்ளீடற்றுப்போன அமைப்பைச் "செல்லரித்த அமைப்பு" என்பர்.

இதற்கு இணையான வேறு சொற்களும் உண்டு. உளுத்துப்போதல் என்பது பூச்சி உள்ளிருந்து தின்று பொடியாக்குவது. இற்றுப்போதல் என்பது துணியோ தகடோ நைந்து வலுவிழப்பது. துருப்பிடித்தல் என்பது பயன்படுத்தாமையால் திறன் கெடுவதையும் குறிக்கும். இவற்றுள் அரித்தலுக்கு மட்டும் ஒரு தனித்தன்மை உண்டு: அரிப்பது ஒன்று, அரிக்கப்படுவது மற்றொன்று. இற்றுப்போன துணியைப் பார்த்து யார் செய்தது என்று யாரும் கேட்பதில்லை. அரிக்கப்பட்ட கதவைப் பார்த்தால் கரையானைத் தேடத் தோன்றும். எனவே அரித்தல் என்னும் உருவகம் ஒரு பொறுப்பாளியைச் சுட்டும் இயல்புடையது.

எரிதல் என்னும் வினையும் இங்கே கருதத்தக்கது. வயிற்றெரிச்சல் என்பது உடலின் ஓர் உபாதை. அதே சொல் பொறாமையையும், அநீதிக்கு ஆளானவரின் ஆற்றாமையையும் குறிக்கும். ஏழையின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளாதே என்று பெரியவர்கள் எச்சரிப்பது இரண்டாவது பொருளில்தான். தொழிற்சாலைகளில் பயன்படும் சாராயத்துக்கு எரிசாராயம் என்று பெயர். குடி என்னும் சொல்லோ குடித்தலையும் குடும்பத்தையும் ஒருங்கே குறிக்கிறது. மதுப்புட்டிகளில் நெடுங்காலம் அச்சிடப்பட்ட "குடி குடியைக் கெடுக்கும்" என்னும் எச்சரிக்கை இந்த இருபொருளைப் பயன்படுத்திக்கொண்டது.

கருணாபுரம், 2024

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுச் செயல்படத் தொடங்கியது. மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலை உள்ளது. அங்கே தோன்றும் கோமுகி ஆறு சமவெளியில் இறங்கிக் கள்ளக்குறிச்சி வழியே பாய்கிறது. கருணாபுரம் இந்நகரைச் சேர்ந்த குடியிருப்பு. அங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் தினக்கூலிகள். சுமை தூக்குதல், கட்டட வேலை போன்ற உடலுழைப்பில் ஈடுபடுவோர்.

2024 ஜூன் 18, 19 ஆகிய நாள்களில் இங்கு விற்கப்பட்ட பாக்கெட் சாராயத்தைக் குடித்தவர்களுக்கு வயிற்று எரிச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, கண் மங்கல், மூச்சுத்திணறல் ஆகியவை ஏற்பட்டன. தொடக்கத்தில் மாவட்ட நிர்வாகம் கள்ளச்சாராயமே காரணம் என்பதை ஏற்கவில்லை. முதலில் இறந்தவர்களின் துக்க வீட்டுக்கு வந்தவர்களில் சிலரும் அதே சாராயத்தைக் குடித்ததாகச் செய்திகள் வெளியாயின. பின்னர் ஆய்வில் மெத்தனால் கலந்திருப்பது உறுதியானது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், சேலம் ஆகிய இடங்களின் அரசு மருத்துவமனைகளிலும், புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலும் ஏறத்தாழ 200 பேர் சேர்க்கப்பட்டனர். 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பெண்களும் இருந்தனர். சிலர் பார்வையை இழந்தனர். இறந்தவர்களில் பலரது உடல்கள் கோமுகி ஆற்றங்கரையில் அடுத்தடுத்து எரியூட்டப்பட்டன.

மெத்தனாலின் தன்மை

மெத்தனால் ஒரு கார்பன் அணுவை உடைய எளிய ஆல்ககால். மதுவிலுள்ள எத்தனாலில் இரண்டு கார்பன் அணுக்கள் உண்டு. முற்காலத்தில் மரத்தைக் காற்றில்லாமல் சூடாக்கி வடித்ததால் மெத்தனாலுக்கு மரச்சாராயம் என்றும் பெயர். இன்று அது பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்து தொழிற்சாலைகளில் தயாராகிறது. பெயின்ட், வார்னிஷ், பிசின், மருந்து ஆகிய தொழில்களில் இது இன்றியமையாத கரைப்பான்.

நிறத்தாலும் மணத்தாலும் சுவையாலும் மெத்தனாலை எத்தனாலிலிருந்து சாதாரண மனிதர் பிரித்தறிய முடியாது. குடித்தவுடன் அது தருவதும் போதைதான். கல்லீரலில் ஆல்ககால் டீஹைட்ரஜனேஸ் என்னும் நொதி மெத்தனாலைப் பார்மால்டிஹைடாக மாற்றுகிறது. பிணங்களைக் கெடாமல் வைக்க உதவும் பார்மலினின் மூலப்பொருள் அதுவே. அடுத்து மற்றொரு நொதி அதனைப் பார்மிக் அமிலமாக மாற்றுகிறது.

பார்மிக் அமிலத்துக்குத் தமிழில் எறும்பு அமிலம் என்றும் பெயர். 1671இல் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜான் ரே எறும்புகளை வடித்து இதைப் பிரித்தெடுத்தார். இலத்தீனில் எறும்பைக் குறிக்கும் சொல்லே இதன் பெயரானது. மாமரத்தில் இலைகளைப் பிணைத்துக் கூடுகட்டும் முசுறு எறும்பு கடித்து எரிச்சலூட்டுவது இந்த அமிலத்தால்தான். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் ரப்பர் பாலை உறையவைக்கவும் இது பயன்படுகிறது.

மனித உடல் பார்மிக் அமிலத்தை மிக மெதுவாகவே சிதைத்து வெளியேற்றும். எனவே அது இரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகிறது. இரத்தத்தின் அமிலத்தன்மை ஏறுகிறது. உயிரணுக்கள் ஆக்சிசனைப் பயன்படுத்த உதவும் நொதியை இந்த அமிலம் முடக்குகிறது. காற்று இருந்தும் உயிரணு மூச்சுத்திணறுகிறது. ஆக்சிசன் தேவை மிகுந்த பார்வை நரம்பு முதலில் பாதிக்கப்படுகிறது. கண் முன் பனிமூட்டம் அல்லது வெண்மை தோன்றுவது இதனால்தான். மூளையிலும் சேதம் உண்டாகலாம். ஏறத்தாழ 10 மில்லிலிட்டர் தூய மெத்தனால்கூடப் பார்வையைப் பறிக்கலாம். 30 மில்லிலிட்டர் அளவு உயிரைப் பறிக்கலாம்.

இந்த மாற்றத்துக்கு நேரம் தேவை. கடும் அறிகுறிகள் தோன்றப் பொதுவாக 12 முதல் 24 மணி நேரம் வரை ஆகும். மெத்தனாலோடு எத்தனாலும் உடலில் இருந்தால், நொதி முதலில் எத்தனாலையே கவனிப்பதால் தாமதம் இன்னும் கூடும். இரவில் குடித்துவிட்டு நன்றாகத் தூங்கி எழுந்தவர், மறுநாள் பிற்பகலில் கண் தெரியாமல் தவிக்கும் நிலை இவ்வாறே உண்டாகிறது.

காரம் என்னும் தவறான அளவுகோல்

கள்ளச்சாராயத்தைக் குடிப்போரிடையே அதன் தரத்தை அறியச் சில கைவழக்கங்கள் உண்டு. நாவில் சுள்ளென்று காரம் ஏறுகிறதா என்று பார்ப்பது ஒன்று. தீக்குச்சி உரசி எரிகிறதா என்று பார்ப்பது மற்றொன்று. இவை எதுவும் மெத்தனாலைக் காட்டிக்கொடுக்காது. மெத்தனாலும் எத்தனாலும் இரண்டுமே எரியும். இரண்டின் சுடரும் வெளிர்நீலம். நாவில் சுடுவதும் தொண்டையில் எரிவதும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. முன்பு குடித்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதும் சான்றாகாது. அவருடைய உடலில் அமிலம் அப்போதுதான் உருவாகத் தொடங்கியிருக்கலாம்.

கல்வராயன் மலையில் வெல்லத்தையும் மரப்பட்டைகளையும் பானைகளிலும் பேரல்களிலும் ஊறவைத்துக் காய்ச்சும் ஊறல் சாராயத்தைக் காவல்துறையினர் நெடுங்காலமாகத் தேடி அழித்துவருகின்றனர். சட்டப்படி அதுவும் குற்றமே; அதற்கும் தனிக் கேடுகள் உண்டு. ஆனால் ஊறலில் நொதித்து உருவாவது முதன்மையாக எத்தனால். பெருந்திரளானோரைக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் சேர்வது, தொழிற்சாலைகளுக்கான கரைப்பான் கள்ளச்சந்தைக்குத் திசைதிருப்பப்பட்டு நீரோடு கலந்து விற்கப்படும்போதுதான். எனவே மலையில் ஊறலை அழிப்பதால் மட்டும் இத்தகைய சாவுகளைத் தடுக்க முடியாது. மெத்தனால் எந்த ஆலையிலிருந்து யாருக்குச் சென்றது, எவ்வளவு பயன்பட்டது, எவ்வளவு எஞ்சியது என்னும் கணக்கே முதல் தடுப்பரண். தமிழ்நாட்டில் மெத்தனாலைக் கையாள்வதற்கான உரிம விதிகள் 1959ஆம் ஆண்டிலிருந்தே உள்ளன.

இத்தகைய சாவுகள் இங்கு முதன்முறையும் அல்ல. 2001இல் கடலூர் மாவட்டம் பண்ருட்டிப் பகுதியில் 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும், செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவற்றிலும் மெத்தனாலே காரணம்.

சிகிச்சை

மெத்தனால் நச்சுக்கு மாற்று மருந்து உண்டு. போமெபிசோல் என்னும் மருந்து, மெத்தனாலை மாற்றும் நொதியைத் தடுத்து நிறுத்துகிறது. அது கிடைக்காத இடத்தில் மருத்துவர்கள் அளவறிந்து எத்தனாலைச் செலுத்துவர். நொதி எத்தனாலோடு ஈடுபட்டிருக்கும் நேரத்தில் மெத்தனால் மாறாமலேயே வெளியேறும். இது மருத்துவமனையில், இரத்த அளவைக் கண்காணித்துச் செய்ய வேண்டியது. வீட்டில் மேலும் மது கொடுப்பது சிகிச்சை ஆகாது. டயாலிசிஸ் மூலம் மெத்தனாலையும் பார்மிக் அமிலத்தையும் இரத்தத்திலிருந்து நேரடியாக நீக்கலாம். சோடியம் பைகார்பனேட் கொடுத்து அமிலத்தன்மையைக் குறைப்பதும், போலினிக் அமிலம் கொடுத்துப் பார்மிக் அமிலத்தின் சிதைவை விரைவாக்குவதும் துணைச் சிகிச்சைகள்.

இவை எல்லாம் அமிலம் சேர்வதற்கு முன் தொடங்கினால்தான் முழுப்பயன் தரும். பார்வை மங்கத் தொடங்கிய பிறகு உயிர் பிழைத்தாலும் கண் திரும்பாமல் போகலாம். எனவே ஒருவர் நோயுற்றால், அதே இடத்தில் வாங்கிக் குடித்த அனைவரும் அறிகுறி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்வது அவசியம். குடித்ததைச் சொன்னால் காவல்துறை பிடிக்கும் என்னும் அச்சமும், குடும்ப மானம் போகும் என்னும் கூச்சமும் இதற்குத் தடையாகின்றன. கள்ளச்சாராயம் காரணமல்ல என்று ஓர் அரசு அலுவலகம் சில மணி நேரம் சொன்னாலும், அந்தச் சில மணி நேரத்தில் அமிலம் உருவாகிக்கொண்டே இருக்கும்.

நடவடிக்கைகள்

நிகழ்வையடுத்து மாவட்ட ஆட்சியர் இடமாற்றம் செய்யப்பட்டார். மாவட்டக் காவல் கண்காணிப்பாளரும் மதுவிலக்குப் பிரிவினர் உள்ளிட்ட காவலர்களும் பணியிடைநீக்கம் செய்யப்பட்டனர். விசாரணை முதலில் சிபிசிஐடி வசம் ஒப்படைக்கப்பட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி பி. கோகுல்தாஸ் தலைமையில் ஒருநபர் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. அதை எதிர்த்த மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் டிசம்பரில் தள்ளுபடி செய்தது.

இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாயும், கல்விச் செலவும், வைப்புத்தொகையும் வழங்கப்படும் என அரசு அறிவித்தது. 2024 ஜூன் 29 அன்று, 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. கள்ளச்சாராயத்தால் உயிரிழப்பு நேர்ந்தால் காய்ச்சியவர்களுக்கும் விற்றவர்களுக்கும் ஆயுள் சிறை விதிக்க அது வழிசெய்தது. மூலச்சட்டம் இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது இயற்றப்பட்டு, 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. நிகழ்வுக்குப் பின் கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை குறித்தும் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்குப் பதிவுசெய்து விசாரித்தது.

சொல்லின் பொருத்தம்

கருணாபுரத்தில் நேர்ந்ததை விளக்க "விஷச்சாராயம்" என்னும் சொல்லே செய்திகளில் பெரிதும் வழங்கியது. விஷம் என்றதும் குடித்தவுடன் சுருண்டு விழும் காட்சி மனத்தில் தோன்றும். அமிலம் என்றதும் பட்டவுடன் வெந்துபோகும் தோல் நினைவுக்கு வரும். மெத்தனால் இவ்விரண்டு வழியிலும் செயல்படுவதில்லை. போதையை மட்டும் காட்டி உள்ளே நுழைந்து, உடலின் சொந்த நொதிகளைக் கொண்டே அமிலமாகி, பல மணி நேரம் கழித்துத் தெரியவருகிறது. இந்தச் செயலுக்கு நெருக்கமான தமிழ்ச் சொல் கரையானுக்கும் கவலைக்கும் கடனுக்கும் பொதுவான அரித்தல் என்பதே.

நிகழ்வின் பின்னணிக்கும் அச்சொல் பொருந்துகிறது. உடல்வலி மறக்க அன்றாடம் குடிக்கும் கூலி உழைப்பாளிக்கு, டாஸ்மாக் மதுவைவிடப் பாக்கெட் சாராயம் மலிவு. கூலியில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. வீட்டுச் செலவுக்குக் கடன் ஏறுகிறது. கடன் ஏற ஏறக் குடி கூடுகிறது. கருணாபுரம் கள்ளக்குறிச்சிக் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அருகில் உள்ளது என்பதும், அங்கேயே விற்பனை நடந்தது என்பதும் பரவலாகச் சுட்டிக்காட்டப்பட்டன. கண்டுகொள்ளாமை என்பதும் ஒரு நாளில் உருவாவது அன்று.

அரித்தலைப் பற்றி மொழி வைத்திருக்கும் அறிவு மருத்துவமனைக்கும் நிர்வாகத்துக்கும் ஒன்றே: வெளியே தெரியும் வரை காத்திருந்தால் தாமதமாகிவிடும். கரையானுக்கு அறிகுறி சுவரோரம் படரும் மெல்லிய மண்கோடு. மெத்தனாலுக்கு அறிகுறி, ஒரே இடத்தில் குடித்த இரண்டு பேருக்கு ஒரே நாளில் கண் மங்குவது.